கரூரில் கம்ப்யூட்டர், கோவையில் நான்: டீக்கடை அண்ணனை எழுப்பாமல் இருக்க வழி உண்டா?

கேள்வி: கரூரில் கணக்கு எழுதும் அலுவலகம் வைத்திருக்கிறேன். ஜிஎஸ்டி, டிடிஎஸ் வேலைகள்தான். கணவருக்கு மாற்றல் ஆனதால் ஒரு வருடமாகக் கோவையில் இருக்கிறோம். அலுவலகத்தில் டேலி கணக்கு மென்பொருள் ஓடும் இரண்டு கம்ப்யூட்டர்களையும் எனிடெஸ்க் என்ற ரிமோட் மென்பொருள் மூலம் வீட்டிலிருந்தே பார்க்கிறேன். ஆனால் வாரம் இரண்டு முறையாவது ‘ஆஃப்லைன்’ என்று வந்துவிடுகிறது. கீழே டீக்கடை வைத்திருக்கும் அண்ணனிடம் ஒரு சாவி உண்டு. போன் போட்டால் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஒரு நாள் ‘லைட்டு மட்டும் மினுக்கு மினுக்குனு எரியுதும்மா’ என்பார். இன்னொரு நாள் ‘நல்லாத்தான் ஓடுது, பாஸ்வேர்டு கேக்குது’ என்பார். பழைய கம்ப்யூட்டரில் மட்டும் சில நாள் ‘கறுப்பா இருக்கு, வெள்ளை எழுத்துல எஃப் ஒன்னுனு என்னமோ போட்டிருக்கு’. போன மாதம் 20-ம் தேதி, ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போட வேண்டிய நாளில், மதியம் மூன்று மணி வரை உள்ளேயே போக முடியவில்லை. ஒருவர் ஸ்லீப்பை நிறுத்தச் சொன்னார், ஒருவர் புது யுபிஎஸ் வாங்கச் சொன்னார், இன்னொருவர் கிளவுடுக்கே போய்விடுங்கள் என்கிறார். எதைச் செய்வது? — பெயர் வேண்டாம், கோவை.

பதில்: வணக்கம் மேடம். முதலில் அந்த டீக்கடை அண்ணனுக்கு ஒரு நன்றி சொல்லிவிடுங்கள். மூன்று டெக்னீஷியன்கள் சொன்னதைவிட அவர் சொன்ன மூன்று வரிகளில் விஷயம் அதிகம். உங்களுக்கு அங்கிருந்து பார்த்தால் எல்லாமே ஒரே ‘ஆஃப்லைன்’. அவர் பார்த்ததோ மூன்று வெவ்வேறு நோய். ஒரே மருந்து தேடியதால்தான் ஒரு வருடம் போயிருக்கிறது.

லைட் மினுக்கிக்கொண்டிருந்தால் கம்ப்யூட்டர் தூங்குகிறது. ஸ்லீப்பை நிறுத்தச் சொன்னவர் பார்த்தது இதைத்தான். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் பவர் என்று போய், ஸ்லீப் நேரத்தை ‘நெவர்’ என்று வையுங்கள். ஸ்கிரீன் அணைவது அணையட்டும், அது வேறு. கூடவே இரண்டு வேலை. கன்ட்ரோல் பேனலில் பவர் பட்டனை அமுக்கினால் ‘ஒன்றும் செய்யாதே’ என்று மாற்றிவிடுங்கள். பெருக்க வருகிறவர் கை பட்டால்கூட அணையாது. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைத்துக்கொள்ளலாம் என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் விழித்திருந்தும் நெட் கார்டு தூங்கிவிட்டால் உங்களுக்கு அதுவும் ஆஃப்லைன்தான். வைஃபையில் இணைத்திருந்தால் கேபிளுக்கு மாறிவிடுங்கள்.

‘நல்லாத்தான் ஓடுது, பாஸ்வேர்டு கேக்குது’ என்பதுதான் மூன்றிலும் சுவாரசியமானது. கம்ப்யூட்டருக்கு ஒரு குறையும் இல்லை. ராத்திரி விண்டோஸ் அப்டேட் போட்டுக்கொண்டு ரீஸ்டார்ட் ஆகி, லாகின் திரையில் வந்து நிற்கிறது, அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட் மாதாந்திர அப்டேட்டை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. அமெரிக்க நேரம் என்பதால் நமக்கு அது செவ்வாய் இரவு. அண்ணன் இதைச் சொன்ன நாட்களைக் காலண்டரில் பாருங்கள், பல நாட்கள் அதை ஒட்டிய புதன், வியாழனாக இருக்கும் என்று நினைக்கிறேன். எனிடெஸ்க்கை டவுன்லோட் செய்த ஃபைலை அப்படியே டபுள் கிளிக் செய்து ஓட்டுகிறீர்கள் என்பது என் ஊகம். அப்படி ஓட்டினால், யாராவது லாகின் செய்து மறுபடியும் திறந்தால்தான் அது உயிர் பெறும். முறையாக இன்ஸ்டால் செய்து, ஆள் இல்லாமலே நுழைவதற்கான பாஸ்வேர்டும் வைத்துவிட்டால், அது யாரும் லாகின் செய்யாமலே பின்னணியில் சர்வீஸாக ஓடும். லாகின் திரை வந்ததுமே நீங்கள் உள்ளே போய் உங்கள் பாஸ்வேர்டைத் தட்டலாம். இந்தப் பத்து நிமிட வேலை ஒன்றே உங்கள் போன் கால்களில் பாதியைக் குறைக்கும். (இலவசப் பதிப்பு சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். அலுவலகத்துக்கு லைசென்ஸ் வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வேலை நடுவே துண்டிக்கப்படலாம்.)

அப்டேட்டையே நிறுத்திவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். ‘ஆக்டிவ் அவர்ஸ்’ என்று ஒன்று உண்டு, அதிகபட்சம் 18 மணி நேரம் வைக்கலாம். காலை 6 முதல் நள்ளிரவு 12 வரை என்று வைத்தால், ரீஸ்டார்ட் எல்லாம் நீங்கள் தூங்கும் நேரத்தில் முடிந்துவிடும். பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 இருந்தால், அதற்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025-லேயே முடிந்துவிட்டது. வாடிக்கையாளர்களின் பான், வங்கி விவரம் எல்லாம் இருக்கும் மெஷின் அது. இந்த ஒரு காரணத்துக்காகவே அதை மாற்ற யோசியுங்கள்.

இனி எஃப் ஒன். இதைப் படித்ததும் சிரித்துவிட்டேன், ஏனென்றால் இதற்காக ஒருமுறை திருச்சியிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து நாகர்கோவில் போயிருக்கிறேன். ஒரு மொத்த வியாபாரியின் பில்லிங் சர்வர். கரண்ட் போய் வந்த பிறகு எழுந்திருக்கவில்லை, போனில் எது சொல்லியும் நடக்கவில்லை. விடிகாலையில் ஷட்டரைத் திறந்து உள்ளே போனால், திரையில் ஒரே வரி: தேதியும் நேரமும் செட் செய்யப்படவில்லை, தொடர எஃப்1-ஐ அமுக்கவும். அமுக்கினேன். ஓடத் தொடங்கியது. எதிர்க்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, ஒரு நாணயம் அளவுள்ள பேட்டரி வாங்கி மாட்டிவிட்டு ஊர் திரும்பினேன். பேட்டரியின் விலை அன்றைக்கு டீயும் வடையும் சாப்பிட்ட காசைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

மதர்போர்டில் கைக்கடிகார பேட்டரி மாதிரி வட்டமாக ஒன்று இருக்கும். சிஆர்2032 என்று எழுதியிருக்கும், 3 வோல்ட். கரண்ட் இருக்கும்வரை அதற்கு வேலையே இல்லை. கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்திருந்தாலும் பிளக்கில் கரண்ட் இருந்தால் போதும். யுபிஎஸ்ஸும் தீர்ந்து மொத்தமாக இருட்டாகும்போதுதான் தேதியை அந்தப் பேட்டரி காப்பாற்ற வேண்டும். அது செத்திருந்தால் தேதி போய்விடும், பழைய போர்டுகளில் பயாஸ் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருள்) செட்டிங்கும் சேர்ந்து போய்விடும், கரண்ட் வந்ததும் எஃப்1 கேட்டு நிற்கும். உங்களுக்குச் சில நாள் மட்டும் இது வருவதற்குக் காரணம் இதுதான். நீண்ட மின்தடை வந்த நாட்களாகத்தான் அவை இருக்கும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு ‘ஷட்டவுன்’ காலை 9 மணிக்குத் தொடங்கி மதியம் 2 வரையாவது ஓடுமே, அந்த 20-ம் தேதி உங்கள் பகுதிக்கு அது இருந்ததா என்று பழைய பேப்பரில் பாருங்கள். மூன்று மணிக்கு அண்ணன் போய் எஃப்1 தட்டியதும் எல்லாம் சரியாகியிருக்கும்.

இங்கேதான் நீங்கள் கேட்ட கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும். நிற்காமல் ஓடவைப்பது எப்படி என்று கேட்கிறீர்கள். நம் ஊரில், பூட்டிக் கிடக்கும் மாடி அறையில், இரண்டு டெஸ்க்டாப்பை வருடம் முழுக்க ஒரு நொடிகூட நிற்காமல் ஓட்ட முடியாது. பெரிய பணம் போட்டாலும் முடியாது. நின்றால், ஒரு கையும் படாமல் தானாக எழுந்து, நெட்டில் ஏறி, உங்களுக்காகக் காத்திருக்க வேண்டும். அதற்குத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். 1997-ல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கம்ப்யூட்டரும் திடீர் திடீரென்று ரீசெட் ஆனது. உள்ளே மென்பொருள் பிழை. ஆனால் சிக்கிக்கொண்டால் தானே ரீசெட் செய்துகொள்ள ஒரு காவல் டைமர் வைத்திருந்தார்கள், அதனால் கலம் செத்துப்போகவில்லை. பூமியில் இருந்தபடியே பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். அங்கே அனுப்ப டீக்கடை அண்ணன் கிடையாது என்று தெரிந்தே கட்டியது அது. உங்கள் அலுவலகத்தையும் அப்படி நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை பயாஸில். ஆன் செய்தவுடன் எஃப்2 அல்லது டெலீட் கீயைத் தட்டினால் உள்ளே போகலாம், சில பிராண்டுகளில் எஃப்10. பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் ‘ஏசி ரிகவரி’, ‘ஆஃப்டர் பவர் லாஸ்’, ‘ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்’ என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் ஒரே விஷயம் இருக்கும். அதில் பவர் ஆஃப், லாஸ்ட் ஸ்டேட், பவர் ஆன் என்று மூன்று தேர்வு. பலரும் லாஸ்ட் ஸ்டேட் வைப்பார்கள். நீங்கள் பவர் ஆன் வையுங்கள். காரணம் யுபிஎஸ் கதையில் இருக்கிறது.

மலிவான 600 விஏ யுபிஎஸ்ஸில் உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று. புதிதாக இருக்கும்போது ஒரு டெஸ்க்டாப்பை மானிட்டரோடு கால் மணி நேரம் போல ஓட்டும். இரண்டு மூன்று வருடத்தில் அதுவும் தேய்ந்து, கரண்ட் போன உடனே கீச்சென்று கத்திவிட்டு அணையும். ஐந்து மணி நேர ஷட்டவுனுக்கு இது எந்த மூலைக்கு? இதில் யுஎஸ்பி கேபிள் இல்லாத மாடல் என்றால், பேட்டரி தீரப்போகிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியவும் தெரியாது. டேலி திறந்திருக்கும்போதே படக்கென்று போகும். டேட்டா கெடுவது இப்படித்தான். அதனால் யுபிஎஸ் வாங்கினால் யுஎஸ்பி உள்ளதாக வாங்குங்கள். கேபிளைச் செருகினால் பெரும்பாலும் விண்டோஸ் அதை லேப்டாப் பேட்டரி போலவே பாவிக்கும். பேட்டரி குறைந்தால் ஹைபர்னேட் ஆகு என்று சொல்லி வைக்கலாம். கரண்ட் வந்து எழுந்ததும் திறந்திருந்ததெல்லாம் திறந்தபடியே இருக்கும்.

இதில்தான் ஒரு பொறி இருக்கிறது, அனுபவசாலிகளே மாட்டிக்கொள்வார்கள். யுபிஎஸ் பேட்டரி குறைந்ததும் கம்ப்யூட்டர் சமர்த்தாகத் தானே அணைந்துவிட்டது. யுபிஎஸ்ஸில் இன்னும் இரண்டு நிமிட சார்ஜ் மிச்சம். அந்த இரண்டு நிமிடத்துக்குள் கரண்ட் வந்துவிட்டால்? கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அதன் பிளக்கில் கரண்ட் போகவே இல்லை. ‘கரண்ட் போய் வந்தால் ஆன் ஆகு’ என்ற கட்டளைக்கு வேலையே வரவில்லை. அணைந்தது அணைந்தபடி கிடக்கும். லாஸ்ட் ஸ்டேட்டிலும் இதே வில்லங்கம் இன்னொரு பக்கத்தில் இருந்து வரும்: அது முறையாக அணைந்திருந்ததால், கரண்ட் போய் வந்தாலும் ‘கடைசியாக அணைந்துதானே இருந்தேன்’ என்று சும்மா இருந்துவிடும்.

இதற்கு எளிய வழி, பயாஸிலேயே இருக்கும் ஆர்டிசி அலாரம், அதாவது மதர்போர்டின் கடிகாரத்தில் வைக்கும் அலாரம். சில பிராண்டுகளில் ‘ஆட்டோ ஆன் டைம்’ என்று இருக்கும். தினமும் காலை ஆறு மணிக்கு ஆன் ஆகு என்று வைத்துவிட்டால், ஓடிக்கொண்டிருந்தால் கண்டுகொள்ளாது, அணைந்திருந்தால் எழுந்துவிடும். இப்படி அணைந்து கிடந்தாலும் பெரும்பாலும் மறுநாள் காலைக்குள் சரியாகிவிடும்.

அவசரத்துக்கு ஸ்மார்ட் பிளக். யுபிஎஸ்ஸுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஒன்று மாட்டினால், கோவையில் இருந்தே போனில் அணைத்துப் போடலாம். பவர் ஆன் செட்டிங் இருப்பதால் கம்ப்யூட்டர் எழுந்துவிடும். எத்தனை வாட் ஓடுகிறது என்று காட்டும் பிளக்காக வாங்குங்கள். நாற்பது ஐம்பது வாட் காட்டினால் மெஷின் ஓடுகிறது, ஓரிரு வாட் என்றால் தூங்குகிறது அல்லது அணைந்திருக்கிறது, பிளக்கே ஆஃப்லைன் என்றால் கரண்டோ நெட்டோ இல்லை. அண்ணன் மாடிக்கு ஏறாமலே பாதி நோய் தெரிந்துவிடும். இரண்டு எச்சரிக்கை. பிளக்கின் ஆப்பில், கரண்ட் வந்ததும் அது என்ன நிலையில் இருக்க வேண்டும் என்று ஒரு செட்டிங் உண்டு. அதை ‘ஆன்’ என்று வைக்காவிட்டால் பிளக்கே புதிய தொல்லை ஆகிவிடும். அடுத்தது, ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை இதனால் அணைப்பது, மெயினைப் பிடுங்குவதற்குச் சமம். மெஷின் உறைந்துபோய் வேறு வழியே இல்லை என்றால் மட்டும்.

ஆனால் என்னைக் கேட்டால், உங்கள் பணத்தை 600 விஏ யுபிஎஸ்ஸில் மட்டும் போடாதீர்கள். வீட்டுக்கு வைப்பது போல ஒரு சைன் வேவ் இன்வெர்ட்டரும் 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரியும் வையுங்கள். கணக்கு எளிது, நீங்கள் போடாத கணக்கா: 12 வோல்ட்டை 150-ஆல் பெருக்கினால் 1800 வாட்-அவர். இழப்பெல்லாம் போக ஆயிரம் தேறும் என்று வையுங்கள். மானிட்டர் அணைந்த நிலையில் இரண்டு டெஸ்க்டாப், ரவுட்டர் எல்லாம் சேர்த்து 120 வாட் என்றால் எட்டு மணி நேரம். மாதாந்திர ஷட்டவுன் அதற்குள் அடங்கிவிடும். இன்வெர்ட்டரின் பின்பக்கம் ‘யுபிஎஸ் மோட்’ சுவிட்ச் இருக்கும், அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் மாறும் நேரம் நீண்டு கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். கம்ப்யூட்டரின் பவர் சப்ளை கரண்ட் இல்லாமல் தாக்குப்பிடிப்பது சுமார் 16 மில்லிநொடிதான். லேசர் பிரின்டரை மட்டும் இதில் மாட்டிவிடாதீர்கள், அது சூடாகும்போது இழுக்கும் இழுப்பில் எல்லாம் சேர்ந்து படுத்துவிடும்.

ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் மறக்காமல் அதே இன்வெர்ட்டரில் சேருங்கள். கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் வைத்துவிட்டு ரவுட்டரைச் சுவரில் செருகி வைத்திருப்பவர்கள்தான் நான் பார்த்ததில் அதிகம். நெட் கம்பெனியின் தெருப் பெட்டிக்கே கரண்ட் போனால் நாம் ஒன்றும் செய்ய முடியாது. சிம் போட்ட டாங்கிள் ஒன்று இருந்தால் கடைசித் தேதிகளில் கைகொடுக்கும்.

யாராவது ‘ஸ்டேட்டிக் ஐபி வாங்கி, போர்ட் ஓப்பன் பண்ணி, ரிமோட் டெஸ்க்டாப் போட்டுத் தருகிறேன்’ என்று வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 3389 என்ற அந்தப் போர்ட்டை இன்டர்நெட்டில் திறந்து வைத்தால், பாஸ்வேர்டை ஊகித்துத் தட்டும் தானியங்கி மென்பொருள்கள் இரவு பகலாக வந்துகொண்டே இருக்கும். டேட்டாவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழையும் முக்கிய வாசல்களில் அது ஒன்று. எனிடெஸ்க்குக்குத் துணையாக இன்னொரு வழிக்கு, டெயில்ஸ்கேல் போல ஒரு தனி வலைக்குள் ரிமோட் டெஸ்க்டாப், அல்லது குரோம் ரிமோட் டெஸ்க்டாப். அப்படி ஒரு மாற்று வழி கட்டாயம் வேண்டும். ஒரு மென்பொருள் மக்கர் செய்தால் மற்றதில் உள்ளே போய் அதைச் சரிசெய்யலாம்.

கிளவுட், அதாவது டேலியை வாடகை சர்வரில் ஓட்டுவது? ஆள் பத்துப் பேர், நான்கு ஊர் என்று வளர்ந்தால் போங்கள். இரண்டு மெஷினுக்கு மாதாமாதம் வாடகை கட்டுவது இப்போதைக்கு வீண் என்பது என் அபிப்பிராயம். எந்த வழியில் போனாலும் டேலி டேட்டாவின் பேக்கப் தினமும் இன்னொரு டிஸ்க்கிலும், வாரம் ஒருமுறை அலுவலகத்துக்கு வெளியிலும் இருக்க வேண்டும்.

மற்றபடி மனிதர்கள். வேலை முடித்துக் கிளம்பும் பெண் நல்ல பழக்கத்தில் மெயினை அணைத்துவிட்டுப் போவார். ஆயுத பூஜை அன்று எல்லாவற்றையும் அணைத்துத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அப்படியே லீவுக்குப் போய்விடுவார்கள். அந்த ஒரு சுவிட்சின் மேல் டேப் ஒட்டி, ‘இதை அணைக்காதீர்கள்’ என்று தமிழில் பெரிதாக எழுதி வையுங்கள். கிளம்பும்போது ஷட் டவுனுக்குப் பதில் விண்டோஸ் கீயும் எல் கீயும் சேர்த்து அமுக்கி லாக் செய்யச் சொல்லுங்கள். கரூர்ப் பக்கத்து வெயில் உங்களுக்குத் தெரியாததா? பூட்டிய மாடி அறையில் மெஷினைச் சுவரோடு ஒட்டி வைக்காமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூசி ஊதிவிட்டால் கோடையில் தானே அணையும் தொல்லை குறையும்.

இதற்கெல்லாம் பிறகும் ஒரு நாள் நிற்கும். அப்போது விண்டோஸில் உள்ள ஈவன்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் பதிவுகளில் அந்த நேரத்தைப் பாருங்கள். 41 அல்லது 6008 என்ற எண் இருந்தால் கரண்ட் போன மாதிரி படக்கென்று நின்றிருக்கிறது. 1074 என்றால் அப்டேட்டோ ஆளோ முறையாக அணைத்தது அல்லது ரீஸ்டார்ட் செய்தது. 42 என்றால் தூங்கப் போனது. இவை எதுவுமே இல்லையென்றால் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, நெட்டைப் பாருங்கள்.

அடுத்த முறை கரூர் போகும்போது ஒரு சனிக்கிழமை மதியம் ஒதுக்குங்கள். சிஆர்2032 இரண்டு வாங்கி இரண்டிலும் மாற்றி, பயாஸ் வேலைகளை முடித்துவிட்டு, கம்ப்யூட்டர் ஓடும்போதே மீட்டர் பெட்டியில் மெயினை அணையுங்கள். முதல் ஒத்திகைக்கு இன்வெர்ட்டரையும் அணைத்துவிடுங்கள், யுபிஎஸ் தீரும்வரை பொறுங்கள். முழுதாகச் செத்த பிறகு, பட்டனை அமுக்கினால்தான் எழும் யுபிஎஸ்களும் உண்டு. உங்களுடையது அந்த ரகமா என்றும் இதில் தெரிந்துவிடும். அரை மணி கழித்து மெயினைப் போட்டுவிட்டு, மாடிக்குப் போகாமல், கீழே அண்ணன் கடை பெஞ்சில் உட்கார்ந்து போனின் மொபைல் டேட்டாவில் இணைத்துப் பாருங்கள். டீ ஆறுவதற்குள் இரண்டும் ஆன்லைன் வந்துவிட வேண்டும். வராவிட்டால், அண்ணனையே மேலே அனுப்பி, திரையில் என்ன இருக்கிறது என்று அவர் சொல்வதை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள்.